முதல் ஆன்லைன் வகுப்பு: கேமராவைக் கடைசியில் எடுங்கள்

மேற்கு மாம்பலத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் டியூஷன் எடுக்கிறேன். சில வருடங்களாக ஆன்லைனிலும் நடத்துகிறேன். புதிதாகத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் முதலில் கேட்பது, "என்ன கேமரா வாங்கலாம் மிஸ்?" என்றுதான். நானும் அங்கேதான் தொடங்கினேன். நாற்பது நாற்பது நிமிடமாகப் பன்னிரண்டு வீடியோ எடுத்து முடித்துவிட்டு வகுப்பைத் திறந்தேன். முப்பது பேர் சேர்ந்தார்கள். மூன்றாவது வாரம் ஒன்பது பேர்தான் மிச்சம். அதற்குப் பிறகு வேலையின் வரிசையையே மாற்றிக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் சொல்லித்தருவது தையலோ இலக்கணமோ, இந்த வரிசை பொருந்தும்.

படி 1: கடைசி நாளில் அவர் என்ன செய்து காட்டுவார்?

ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "இரட்டைப் பதிவு முறையை (ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்று, வரவு என்று இரண்டு கணக்கில் எழுதும் முறை) புரிந்துகொள்வார்" என்று எழுதினால் பயனில்லை. புரிந்ததா என்று கண்ணால் பார்க்க முடியாது. நான் எழுதிவைத்திருப்பது இது: "ஒரு மளிகைக் கடையின் ஒரு வாரப் பில்களைக் கொடுத்தால், குறிப்பேட்டில் (ஜர்னல்) பதிந்து, பேரேட்டுக்கு (லெட்ஜர்) எடுத்தெழுதி, இருப்பாய்வு (ட்ரையல் பேலன்ஸ்) தயாரித்துக் காட்டுவார்."

படி 2: கடைசித் தேர்வை முதலில் தயாரியுங்கள்

அந்த வாக்கியத்தில் இருக்கும் பில்களை உண்மையாகவே உருவாக்குங்கள். நான் இருபது பில் எழுதினேன்: ரொக்க விற்பனை, கடன் விற்பனை, வாடகை, திரும்பி வந்த சரக்கு. எழுதும்போதே ஒன்று விளங்கியது. என் பழைய வீடியோக்களில் இரண்டு, இந்த இருபது பில்லில் எதற்குமே தேவைப்படவில்லை. அவற்றை எடுத்துவிட்டேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

படி 3: எங்கே சறுக்குகிறார்கள் என்று தேடுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

"500 ரூபாய்க்கு ரொக்க விற்பனை" என்று கொடுத்தால், புதிதாக வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் ரொக்கக் கணக்கில் 500 வரவு (கிரெடிட்) என்று எழுதுவார்கள். சரியான பதிவு, ரொக்கக் கணக்கில் பற்று (டெபிட்), விற்பனைக் கணக்கில் வரவு. பல வருடம் இதைக் கவனக்குறைவு என்றே நினைத்துத் திட்டியிருக்கிறேன். ஒரு பெண்தான் சொன்னாள்: "மிஸ், எங்க வீட்டு நோட்டுல அப்பா சம்பளம் வந்தா அம்மா வரவுன்னுதான எழுதுறாங்க?" அவள் சொன்னதில் தப்பே இல்லை. வீட்டு வரவு செலவு நோட்டில் வரவு என்றால் உள்ளே வந்த பணம். பாடப்புத்தகத்தில் அதே சொல் எதிர்ப்பக்கம் நிற்கிறது. இது தெரியாமல் எத்தனை வீடியோ போட்டாலும் அந்தக் குழப்பம் போகாது.

இப்போது பாடத்தை அண்ணாச்சி கடை நோட்டில் இருந்து தொடங்குகிறேன். முருகன் கடனுக்கு அரிசி வாங்கிக்கொண்டு போனால் அவர் பெயரில் பற்று. பணம் கட்டினால் அவரிடமிருந்து வரவு. வாங்கிக்கொண்டவர் பற்று, கொடுத்தவர் வரவு. இனி கல்லாப்பெட்டியையும் ஒரு ஆளாக நினைத்துக்கொள்ளச் சொல்வேன். கல்லா 500 ரூபாயை வாங்கிக்கொண்டது, ஆகவே கல்லாவுக்குப் பற்று. அந்த இடத்தில் பிள்ளைகள் முகத்தில் ஒரு தெளிவு வரும். அதைப் பார்க்கத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

உங்கள் பாடத்திலும் இப்படி ஐந்தாறு இடமாவது இருக்கும். பழைய விடைத்தாள்களைப் புரட்டுங்கள். இல்லையென்றால் நாலு மாணவர்களை உட்காரவைத்து, ஏன் அப்படி எழுதினாய் என்று திட்டாமல் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சறுக்கலும் ஒரு பாடம். அதுதான் உங்கள் பாடத்திட்டம்.

படி 4: வாரங்களாகப் பிரியுங்கள்

முதல் முயற்சிக்கு நான்கு வாரம் போதும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பாடம், ஒரு ஒப்படைப்பு. ஒழுங்காக நடக்கும் வகுப்பு எப்படி இருக்கும் என்று தெரிய, நீங்களே ஒன்றில் மாணவராகச் சேர்ந்து பாருங்கள். 2003-இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் படிப்புத் திட்டம் நம் சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்துதான் ஒருங்கிணைக்கப்படுகிறது. 4, 8, 12 வாரப் படிப்புகள் இருக்கின்றன. பாடம் பார்க்கவும் ஒப்படைப்பு எழுதவும் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். ஒரு ஒப்படைப்பையாவது கெடு தேதிக்குள் எழுதிப் பாருங்கள். வேலை முடிந்து வந்து இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து படிப்பவரின் அலுப்பு அப்போது புரியும்.

படி 5: இப்போது வீடியோ

சின்னதாக எடுங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தின் நான்கு படிப்புகளில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் அதில் செலவிட்ட நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. வெறும் ஸ்லைடைவிடக் கையால் எழுதிக்காட்டும் வீடியோவில் ஈடுபாடு அதிகம் என்பதும் அதிலேயே தெரிந்தது. அதனால் ஒரு சறுக்கலுக்கு ஒரு வீடியோ, ஆறு நிமிடத்துக்குள்.

மேசையில் புத்தகங்களை இரண்டு அடுக்காக வைத்து, குறுக்கே ஒரு பலகை போட்டு, பின்பக்க லென்ஸ் மட்டும் பலகைக்கு வெளியே நீட்டிக் கீழே பார்க்கும்படி ஃபோனை வையுங்கள். கீழே வெள்ளைத் தாள், கறுப்புப் பேனா. கை எழுத எழுத வாய் பேச வேண்டும். முகம் தெரியவேண்டிய அவசியமில்லை. காசு செலவழிப்பதானால் மைக்குக்குச் செலவழியுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாதாரண காலர் மைக் ஒன்று வாங்கினால் போதும். படம் சுமாராக இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் கேட்காவிட்டால் போய்விடுவார்கள். ஃபேனை நிறுத்துங்கள், மே மாதமானாலும் சரி. எங்கள் வீட்டுக்கு மின்சார ரயில் சத்தம் நன்றாகக் கேட்கும். அதோடு பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே விடியற்காலை நாலு மணிக்குத்தான் எனக்குப் பதிவு.

படி 6: வீடியோ முடிந்ததும் கேள்வி

மறுபடி மறுபடி படிப்பதைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதுவதே நிலைக்கும். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஆகவே ஒவ்வொரு வீடியோவுக்கும் மூன்று கேள்வி வையுங்கள். போன வாரப் பாடத்திலிருந்து ஒன்று கூடுதலாக.

படி 3-இல் எழுதிய நோட்டு இங்கே கைகொடுக்கும். தவறான விடைகளை நீங்கள் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே எழுதித் தந்துவிட்டார்கள். கூகுள் ஃபார்ம்ஸின் வினாடி வினா அமைப்பில், தவறாகச் சொன்னவருக்குத் தெரியும்படி ஒரு விளக்கம் எழுதிவைக்கலாம். அங்கே "தவறு" என்று மட்டும் போடாதீர்கள். "வீட்டு நோட்டை நினைத்து எழுதினாயா? கல்லா வாங்கிக்கொண்டதா, கொடுத்ததா என்று பார்" என்று எழுதுங்கள்.

படி 7: நேரலை வகுப்பு

நேரத்தை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மாலை ஆறு மணி என்று வைத்திருந்தேன். வியாசர்பாடிப் பையன் ஒருவன் வரவே மாட்டான். விசாரித்தால், "அப்பா ஒம்பது மணிக்குத்தான் வருவாரு மிஸ், ஃபோன் அவருகிட்டதான்" என்றான். ஒன்பதேகாலுக்கு மாற்றினேன். பல வீடுகளில் ஒரே ஃபோன்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. பாடம் வீடியோவில் இருக்கிறது, நேரலையில் அதையே திரும்ப நடத்தாதீர்கள். இரண்டு பில்லைக் காட்டி, ஐந்து நிமிடம் வாய்மூடி இருங்கள். அவர்கள் தாளில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அந்தப் பையன் முதன்முதலில் அனுப்பியது, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கோடு போட்டு எழுதிய பேரேடு. இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை சரியாக இருந்தது.

கட்டணம், சான்றிதழ், விளம்பரம் எல்லாம் பிறகு. முதல் வாரத்தை மட்டும் தயார் செய்து, தெரிந்த பிள்ளைகள் மூன்று பேருக்கு நடத்துங்கள். எந்த இடத்தில் வீடியோவை நிறுத்தினாய், எதை இரண்டு தடவை பார்த்தாய் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரத்தின் வீடியோவை அதற்குப் பிறகு எடுங்கள்.