மீன்தொட்டி வைக்கப் போகிறீர்களா? மீனைக் கடைசியில் வாங்குங்கள், விளக்கை முதலில் யோசியுங்கள்

முதல் முறை மீன்தொட்டி வைக்கிறவர்கள் பெரும்பாலும் மீனைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். சென்னைக் கொளத்தூர் மீன் கடைகள் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள், தொட்டியும் கல்லும் மீன் பையும் ஒரே ஆட்டோவில் ஏறிப் போகும். இரண்டு வாரத்தில் தண்ணீர் கலங்கும், கண்ணாடியில் பாசி ஏறும், மீன் ஒவ்வொன்றாகச் சாகும், கடைசியில் "நமக்கு ராசி இல்லை" என்று தொட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும். ராசியெல்லாம் ஒன்றுமில்லை, வரிசைதான் தப்பு. இடம், தண்ணீர், செடி, விளக்கு எல்லாம் நிலைப்பட்ட பிறகுதான் மீன் வர வேண்டும். இதில் விளக்கை யாரும் பெரிதாக நினைப்பதில்லை என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன்.

தொடங்குவதற்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி போதும், ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும். உருண்டைக் கிண்ணம் வேண்டவே வேண்டாம், தண்ணீர் குறைவாக இருப்பதால் கழிவு சீக்கிரம் விஷமாகும், சூடும் மளமளவென்று ஏறி இறங்கும். தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 70 கிலோவைத் தாண்டும், டிவி ஸ்டாண்டு தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் தெர்மோகோல் ஷீட் போட்டுத்தான் தொட்டியை வைக்க வேண்டும், இல்லையென்றால் சின்ன மேடு பள்ளத்துக்கே அடிக்கண்ணாடி விரிசல் விடும். ஜன்னல் ஓரம் ஆகவே ஆகாது. நேர் வெயில் என்பது நம் கையில் சுவிட்ச் இல்லாத விளக்கு, எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று அதற்கு நாம் சொல்ல முடியாது.

கடையில் வெள்ளையாக மின்னும் மார்பிள் சிப்ஸைக் காட்டுவார்கள். அது சுண்ணாம்புச் சத்துள்ள கல், தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். எந்தக் கல் வாங்கினாலும் அதன் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் வேண்டாம். ஆற்று கிராவல் நல்லது, தண்ணீர் தெளியும் வரை அலசிவிட்டு 2 அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள்.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினைச் சொன்ன அளவுக்கு விடுங்கள். போர் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பல இடங்களில் உப்பும் கடினமுமாக இருக்கும். அதற்காக ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றி நிரப்பாதீர்கள், மீனுக்கும் செடிக்கும் வேண்டிய தாதுக்கள் அதில் மிகக் குறைவு. கடினத் தண்ணீர்தான் வருகிறது என்றால் கப்பி, மோலி, பிளாட்டி வளருங்கள், அவற்றுக்கு அதுதான் பிடிக்கும். தண்ணீரை மீனுக்கேற்ப மாற்றப் போராடுவதைவிட வருகிற தண்ணீருக்கேற்ற மீனை வாங்குவது எவ்வளவோ சுலபம்.

ஃபில்டருக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும் போதும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரன்ட் போகும்போது குழாய் வழியாகத் தண்ணீர் பின்னால் இறங்கி பம்புக்குள் போய்விடும். வேறு வழியில்லை என்றால் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். ஃபில்டர் இரவும் பகலும் ஓட வேண்டும், சத்தம் வருகிறது என்று ராத்திரியில் நிறுத்தக் கூடாது.

சரி, இப்போது விளக்குக்கு வருவோம்.

மீனுக்கு விளக்கே தேவையில்லை, அறை வெளிச்சம் அதற்குப் போதும். விளக்கு போடுவது செடிக்காகவும் நாம் பார்ப்பதற்காகவும்தான். ஆனால் செடிக்குக் கொடுக்கிற அதே வெளிச்சத்தைப் பாசியும் தின்கிறது, செடி பயன்படுத்தியது போக மிஞ்சுவதெல்லாம் பாசிக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதைச் செடியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கொடுக்கும் சிலிண்டர் எல்லாம் இல்லாத சாதாரணத் தொட்டிக்கு லிட்டருக்கு 15 முதல் 25 லூமன் போதும், லூமன் என்பது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு. 50 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1000 லூமன், அதாவது எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 2 அடி, 10 வாட் எல்இடி பேட்டன் (டியூப் லைட் மாதிரி நீள விளக்கு) ஒன்று. டப்பாவில் லூமனும், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வினும் போட்டிருக்கும், 6500 கெல்வின் என்று இருப்பதை எடுங்கள், கடைக்காரரிடம் கூல் டேலைட் என்று கேட்டால் புரியும். மீன்தொட்டி விளக்கு என்று பெயர் போட்டு விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் சாதாரண பேட்டன் ஈரம் தாங்காது, தொட்டிக்கு மேல் கண்ணாடி மூடி போட்டு அதற்கு மேலேதான் வைக்க வேண்டும், காற்றுக்கு ஓர் ஓரத்தில் இடைவெளியும் விட வேண்டும். ஒயர் நேராகப் பிளக்குக்குப் போகாமல் ஒருமுறை கீழே தொங்கி மேலேறிப் போகட்டும், ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. தொட்டிக்குள் கை விடும்போது எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

எத்தனை மணி நேரம் என்பதில்தான் நிறைய தொட்டிகள் கெடுகின்றன. முதல் மாதம் ஒரு நாளைக்கு 6 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். செடி புது இலை விட ஆரம்பித்ததும் 7, அப்புறம் 8. நாம் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மாலை 4 முதல் 10 வரை என்று வைத்துக்கொள்ளலாம், பகலில் எரிய வேண்டும் என்று இல்லை. கையால் போட்டு அணைப்பதை நம்பாமல் ஒரு டைமர் வாங்கிவிடுங்கள். முள் திருகும் வகை டைமர் கரன்ட் போனால் நின்றுவிடும், ஒவ்வொரு மின்வெட்டுக்கும் நேரம் தள்ளிப்போகும், அதனால் அடிக்கடி கரன்ட் போகும் ஊர் என்றால் உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரே மேல். ராத்திரி முழுக்க அழகுக்காக நீல விளக்கு எரிய விடுகிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். மீனுக்கு இமை கிடையாது, இருட்டு இருந்தால்தான் அதற்கு ஓய்வு.

இந்த வெளிச்சத்துக்கு அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா எல்லாம் நன்றாக வரும். முதல் இரண்டையும் கல்லுக்குள் புதைக்கக் கூடாது, கிழங்கு அழுகிவிடும். ஒரு கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். சிவப்புச் செடிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அவை கேட்கும் வெளிச்சத்தைக் கொடுத்தால் தொட்டி முழுக்கப் பாசிதான். புதுத் தொட்டியில் கண்ணாடி மேல் பழுப்பாக ஒரு படலம் வரும், அது தானாகவே சில வாரங்களில் போய்விடும், துடைத்தால் போதும். தண்ணீரே பச்சையாகிவிட்டால் விளக்கை அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடி மூன்று நாள் விடுங்கள், ஏர் பம்ப் மட்டும் ஓடட்டும்.

செடி நட்டு, விளக்கும் ஃபில்டரும் ஓடத் தொடங்கியதும் நான்கிலிருந்து ஆறு வாரம் மீன் இல்லாமல் காத்திருக்க வேண்டும். தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு மட்டும் போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா வரும், அதைத் தின்னும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் பெருகும், அம்மோனியா நைட்ரைட்டாகி, பிறகு நைட்ரேட்டாக மாறும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவதைச் செடி எடுத்துக்கொள்ளும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் தெரிந்தால் தொட்டி தயார். பிஎச் 8 பக்கம், அதாவது காரமாக, இருக்கும் போர் தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் இன்னும் கடுமை, அங்கே இந்தக் காத்திருப்பைக் குறைக்கவே கூடாது.

அதன் பிறகு நான்கைந்து கப்பியோடு தொடங்குங்கள். பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், கடைத் தண்ணீர் உள்ளே வேண்டாம். கோல்ட் ஃபிஷ் இந்த அளவுத் தொட்டிக்கு ஆகாது, பெரிதாக வளரும், கழிவும் அதிகம். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், எடுத்த அந்தத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து கழுவுங்கள், குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பொங்கலுக்கு மூன்று நான்கு நாள் ஊருக்குப் போனால் டைமரை 6 மணி நேரத்துக்குக் குறைத்துவிட்டுக் கிளம்புங்கள், பக்கத்து வீட்டில் சாப்பாடு போடச் சொல்ல வேண்டாம், வளர்ந்த மீன் அந்த நாட்களைச் சும்மாவே தாங்கும்.