பிறந்தநாளை மெட்டாக்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பிறந்த தேதியை மெட்டாக்கும் வழி எளிது. 1 என்றால் ச, 2 ரி, 3 க என்று 7 நி வரை வைத்துக்கொண்டு, 8-க்கு மேல் ஸ்தாயியின் (அடுத்த உயரத்து ஏழு சுர வரிசையின்) ச, 9-க்கு அதன் ரி கொடுத்தால் ஒன்பது எண்களுக்கும் சுரம் கிடைத்துவிடும். தேதியை எட்டு இலக்கமாக எழுதி வாசிக்க வேண்டியதுதான். புதிதாக வருகிறவர்கள் இதுவரை சரியாகவே செய்கிறார்கள். அதற்கடுத்த அடியில்தான், முன்னால் போனவர்கள் விழுந்த அதே குழிகளில் விழுகிறார்கள். இலக்கத்தைத் தவறாகப் படிப்பது, நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுவது போன்றவை இரண்டாம் முறை தாமே திருந்திவிடும். அவற்றை இங்கே எடுக்கவில்லை.

பூஜ்யத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சலூட்டுகிற தவறு இது. 1 முதல் 9 வரை சுரம் எழுதியிருப்பார்கள். 0-க்கு எதிரே கட்டம் காலியாக இருக்கும். பை எண்ணின் (3.14159...) இலக்கங்களை மெட்டாக்கிக் கைபழகியவர்களிடம் இது அதிகம். பையில் தசமப் புள்ளிக்குப் பின் 32-ஆம் இலக்கத்தில்தான் முதல் பூஜ்யம் வருகிறது. அதற்குள் மெட்டு முடிந்துவிடும். பிறந்தநாள் அப்படி விடாது. எட்டு இலக்கத்தில் எழுதினால் பன்னிரண்டு மாதங்களில் பத்து பூஜ்யத்தோடுதான் வரும். 11, 12 இரண்டுக்கு மட்டும் விலக்கு. 2000-த்திலோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் ஆண்டிலும் குறைந்தது ஒன்று இருக்கும்.

வழக்கமாக நடப்பது இது: ஒரு வீட்டில் மூன்று பேருடைய தேதிகளுக்கு மெட்டமைத்து, ஒன்றோடொன்று இணைத்து, ஒலிப்பதிவும் முடிந்துவிடும். நான்காவது தேதி 07-03-2004 என்று வந்து நிற்கும். எட்டில் நான்கு பூஜ்யம். அந்த நேரத்தில் பூஜ்யத்துக்கு ஒரு விதி செய்தால், முன்பு அமைத்த மூன்றிலும் அங்கங்கே ஒட்டுப்போட்டு வைத்த பூஜ்யங்கள் அதற்கு ஒத்துவராது. மூன்றையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதுதான்.

பூஜ்யத்தையே எழுதாமல் 7-3-2004 என்று சுருக்கித் தப்பிக்கிறவர்கள் உண்டு. அப்போது ஒருவருக்கு ஆறு சுரம், இன்னொருவருக்கு எட்டு. சேர்த்து வாசித்தால் தாளம் பொருந்தாது. போதாக்குறைக்கு, 1-11, 11-1 இரண்டும் ஒரே 111 ஆகிவிடும்.

இந்த ஒரு தேதியை வைத்தே வழிகளைச் சோதித்துவிடலாம். பூஜ்யம் என்றால் இடைவெளி என்று வைத்தால் பாதி மெட்டு மௌனம். அதிலும் முதல் இடைவெளி யார் காதிலும் விழாது, ஏனென்றால் பாட்டு இன்னும் தொடங்கவேயில்லை. பூஜ்யத்தைக் கீழ் நி ஆக்கினால் 0-7-0 என்ற தொடக்கம் கீழ் நி, நி, மறுபடி கீழ் நி என்று ஒரு ஸ்தாயி ஏறி ஒரு ஸ்தாயி விழும். பாடுகிறவர் திட்டுவார். 10 என்று கொண்டு மேல் க கொடுத்தால் கேட்க மோசமில்லை; ஆனால் பக்கத்திலேயே இருக்கும் 3-உம் க. எது எது என்று கேட்கிறவருக்குத் தெரியாது.

நிலைக்கிற விதி கார்வை: பூஜ்யம் வந்தால் முந்தைய சுரம் ஓர் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) கூடுதலாக நீளும். தேதி பூஜ்யத்தில் தொடங்கினால் அந்த அட்சரம் கடைசிச் சுரத்தோடு சேரும். மெட்டைச் சுழற்சியாக வாசிப்பதால் கணக்கு இடிக்காது. 07-03-2004 இப்படி ஆகிறது (காற்புள்ளி என்றால் முந்தைய சுரத்தின் நீட்டல்):

நி , க ரி , , ம ,

எட்டு அட்சரம், நான்கு சுரம், தானாகவே ஒரு நடை. ஒரு குறை மட்டும் உண்டு. சுழன்று வரும்போது ம-விலிருந்து நி-க்கு ஏறும் தாவல் சங்கராபரண ராகத்தில் முரடாக இருக்கும், அங்கே காகலி நி (உயர்ந்த நி) என்பதால். ஹரிகாம்போதி ராகத்துக்கு மாற்றினால் கைசிகி நி (அரைச் சுரம் தாழ்ந்த நி) வந்து அதே தாவல் இழைந்துவிடும். எண் மாறவில்லை, விதி மாறவில்லை, மேளம் (தாய் ராகம்) மட்டும்தான் மாறியது.

19 என்ற பள்ளத்தாக்கு

1900 முதல் 1999 வரை பிறந்த எல்லோருக்கும் ஆண்டு ச, மேல் ரி என்றே தொடங்கும். சங்கராபரணத்தில், விசைப்பலகையின் கறுப்பு வெள்ளை எல்லாக் கட்டைகளையும் எண்ணினால் 14 கட்டைத் தாவல். ஒருவருக்கு வந்தால் துணிச்சல். வீடு முழுக்க வந்தால் விக்கல். 8, 9 இரண்டையும் ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடலாம் என்று முன்கூட்டியே விதியில் சேர்த்துவிடுங்கள். அதற்கு ஒரு விலை உண்டு: 1-உம் 8-உம், 2-உம் 9-உம் ஒன்றாகிவிடும், மெட்டைக் கேட்டுத் தேதியைத் திரும்ப எடுக்க முடியாது. ரகசியக் குறியீடு வேண்டுமென்றால் இறக்காதீர்கள். பாட்டு வேண்டுமென்றால் இறக்குங்கள்.

எல்லாச் சுரத்துக்கும் ஒரே அளவு

பூஜ்யமே இல்லாத தேதிகளில் இது பல்லை இளிக்கும். கார்வை விதி அங்கே உதவாது. எட்டுச் சுரமும் சுவர்க்கடிகாரம் போலத் தட்டிக்கொண்டே போகும். நாளையும் மாதத்தையும் சுரமாகவும், ஆண்டை நீளமாகவும் பிரியுங்கள். ஒற்றைப்படை குறில், 1 மாத்திரை. இரட்டைப்படை நெடில், 2 மாத்திரை. 25-11-1987 என்றால் சுரங்கள் ரி ப ச ச. ஆண்டு குறில், குறில், நெடில், குறில். ஆக

ரி ப ச , ச

ஐந்து மாத்திரை, கண்ட நடை, முடிவு ச-வில். 19-இன் தாவலும் இங்கே எழாது.

ஆண்டின் இலக்கங்களை அப்படியே அட்சரங்களாக எடுக்கக் கூடாது. 1, 9, 8, 7 சேர்ந்தால் 25 அட்சரம். நான்கே சுரத்துக்கு அது இழுவை.

திரும்பத் திரும்ப வரும் இலக்கங்கள்

11-11-2011 போன்ற தேதியில் ச-வும் ரி-யும் மட்டுமே மிஞ்சும். இங்கே எண்ணைச் சுரமாகக் கொள்ளாமல் படியாகக் கொள்ளுங்கள்: ச-விலிருந்து புறப்பட்டு, ஒற்றைப்படைக்கு அத்தனை படி ஏற்றம், இரட்டைப்படைக்கு இறக்கம், பூஜ்யத்துக்கு நின்ற இடம்.

ரி க ம ப க க ம ப

அதே தேதிதான். ஆனால் 9-உம் 7-உம் நிறைந்த தேதிகளில் இந்த வழி பாடுகிறவரைக் கூரையில் ஏற்றிவிடும். ஓர் இலக்கத்தைத் தவறவிட்டால் அதற்குப் பின் வரும் சுரங்களும் இடம் மாறிவிடும்.

நாளையே மேளகர்த்தா எண்ணாக எடுப்பது

மேளகர்த்தா எண் என்பது கர்நாடக இசையின் 72 தாய் ராகங்களின் வரிசை எண். பிறந்த நாள் 29 என்றால் சங்கராபரணம், 15 என்றால் மாயாமாளவகௌளை. அழகான யோசனை, பாதித் தேதிகளுக்கு. 1 முதல் 36 வரை சுத்த மத்திமம் (தாழ்ந்த ம); நாள் 31-ஐத் தாண்டாததால் 65-ஆம் மேளமான கல்யாணி யாருக்குமே கிடைக்காது. முதல் 31-இல் 15 விவாதி மேளங்கள் (சுரங்கள் நெருங்கி உரசுவதால் பாடக் கடினமானவை). 3-ஆம் தேதி பிறந்தவருக்கு அவற்றில் ஒன்றான கானமூர்த்தியைக் கொடுத்து எளிய மெட்டு எதிர்பார்ப்பது அநியாயம்.

கணினியில் எண்ணை நேராக உள்ளிடுவது

மிடியில் (கணினிக்குச் சுரங்களை எண்களாகச் சொல்லும் முறை) 19 என்று கொடுத்தால் பியானோவின் கடைசிக் கீழ்க்கட்டையான 21-க்கும் கீழே போகும். நடு ச 60 என்று கொண்டு 1 முதல் 9 வரை 60, 62, 64, 65, 67, 69, 71, 72, 74 என்று அட்டவணை போடுங்கள்.

இலக்கங்களைக் கூட்டி ஒற்றை எண்ணாக்குவது

ஒன்பதே விடைகள். மெட்டு இல்லை.

நன்றாக இல்லை என்று ஓர் இலக்கத்தை மாற்றுவது

அது வேறொருவரின் பிறந்தநாள்.

நீளம்

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தன் பெயரின் (Bach) நான்கு எழுத்துகளையே சுரமாக்கினார். ஜெர்மானிய வழக்கில் நான்கும் சுரப்பெயர்கள். நான்கும் அடுத்தடுத்த நான்கு கட்டைகளுக்குள் அடங்கும், அதனால் எங்கே வைத்தாலும் காது பிடித்துக்கொள்கிறது. அலைபேசி எண்ணின் பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் வாசித்தால் காதில் நிற்காது. நான்கு, நான்கு, இரண்டு என்று உடைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசியுங்கள்.

சுருதியை முதலில் முடிவு செய்வது

கடைசியில் செய்யுங்கள். மெட்டின் மிகக் கீழ்ச் சுரத்தையும் மிக மேல் சுரத்தையும் குறித்துக்கொண்டு, பாடப்போகிறவரின் குரல் அந்த இரண்டையும் திணறாமல் தொடும் கட்டையில் ச-வை வையுங்கள்.