தி கிளாஷ் குழுவின் முதல் ஆல்பம்: எந்தப் பதிப்பை வாங்குவது, எப்படிக் கேட்பது

லண்டனின் பங்க் ராக் குழுவான தி கிளாஷின் முதல் ஆல்பத்தைத் தேடிப் போகிறவர், 'தி கிளாஷ்' என்ற ஒரே பெயரிலும் ஏறக்குறைய ஒரே அட்டைப்படத்திலும் இரண்டு வெவ்வேறு ஆல்பங்கள் இருக்கின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, 1977 ஏப்ரல் 8 அன்று பிரிட்டனில் சி.பி.எஸ். நிறுவனம் வெளியிட்டது, 14 பாடல்கள் கொண்டது. மற்றொன்று, 1979 ஜூலையில் அமெரிக்காவில் எபிக் நிறுவனம் பாடல்களை மாற்றி, வரிசையையும் கலைத்து வெளியிட்டது. 15 பாடல்கள் கொண்டது. பின்னர் வந்த மறுவெளியீடுகள் எல்லாம் இவ்விரண்டில் ஒன்றன் வழிவந்தவையே. ஆகவே, எந்த ஆண்டின் ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் செப்பனிட்ட வடிவம்) நல்லது என்று ஆராய்வதற்கு முன், கையில் இருப்பது எந்த ஆல்பம் என்பதை உறுதிசெய்துகொள்வது அவசியம்.

அதை உறுதிசெய்வது எளிது. முதல் பாடல் 'ஜேனி ஜோன்ஸ்' என்றால் அது பிரிட்டிஷ் வடிவம். 'கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்' என்றால் அமெரிக்க வடிவம். இசைத்தட்டாக வாங்குகிறவர் அட்டையின் முதுகிலும் தட்டின் நடுவிலுள்ள லேபிளிலும் பட்டியல் எண்ணைப் பார்க்கலாம்: பிரிட்டிஷ் முதல் பதிப்பின் எண் சி.பி.எஸ். 82000, அமெரிக்கப் பதிப்பின் எண் ஜே.ஈ. 36060. ஸ்ட்ரீமிங் செயலிகளில் அட்டைப்படத்தை நம்பாமல் பாடல் வரிசையைப் பாருங்கள்.

முதன்முறை கேட்பவர் பிரிட்டிஷ் வடிவத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழையதே சிறந்தது என்ற பற்றினால் இதைச் சொல்லவில்லை. அந்த 14 பாடல்களும் ஒரே காலத்தில், ஒரே மனநிலையில், ஒரே டிரம்மருடன் பதிவானவை. 1977 ஜனவரியில் சி.பி.எஸ். உடன் ஒப்பந்தமிட்ட குழு, பிப்ரவரியில் லண்டன் விட்ஃபீல்ட் தெருவிலுள்ள அந்த நிறுவனத்தின் மூன்றாம் ஸ்டுடியோவில் மூன்று வார இறுதிகளில் ஆல்பத்தை முடித்தது. செலவு சுமார் 4,000 பவுண்டு. தயாரிப்பாளராக இருந்த மிக்கி ஃபூட், அதுவரை மேடை நிகழ்ச்சிகளில் அவர்களுடைய ஒலியமைப்பைக் கவனித்துவந்தவர். ஸ்டுடியோவின் நாசூக்கு எதுவும் அந்தப் பாடல்களில் ஏறாமல் போனதற்கு இவையெல்லாம் காரணம். டிரம்ஸ் வாசித்த டெர்ரி சைம்ஸ் அப்போதே குழுவை விட்டு விலகும் முடிவில் இருந்தார். அதனால் கேம்டனில் ஒத்திகைக் கூடத்தின் எதிரே உள்ள சந்தில் கேட் சைமன் எடுத்த அட்டைப்படத்தில் ஜோ ஸ்ட்ரம்மர், மிக் ஜோன்ஸ், பால் சிமொனன் ஆகிய மூவர் மட்டுமே நிற்கிறார்கள். அட்டையில் டோரி கிரைம்ஸ் என்று அச்சாகியிருப்பவரும் இந்த சைம்ஸ்தான்; வேறொருவர் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆல்பத்தின் மொத்த நீளம் சுமார் 35 நிமிடங்கள். இதை ஒரே அமர்வில், வரிசை மாற்றாமல், ஷஃபிள் போடாமல் கேளுங்கள். முதல் முறை கேட்கும்போது பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்ட்ரம்மர் சொற்களை மென்று துப்புவதுபோல் பாடுவதால், பிரிட்டிஷ் காதுகளுக்கே பல வரிகள் பிடிபடாமல் போனவை. இரண்டாம் முறை கேட்கும்போது வரிகளைப் படிக்கலாம். வேலையில்லாத் திண்டாட்டம், அலுப்பூட்டும் நகரம், திணிக்கப்படும் வேலைகள், காவல் துறையோடு உரசல் என்று 1976-77 லண்டன் இளைஞர்களின் நாட்கள் அவற்றில் நேரடியாக வருவதை அப்போது உணரலாம். பின்னட்டையில் உள்ள, காவலர்கள் பாய்ந்து ஓடும் புகைப்படம் 1976 ஆகஸ்ட்டில் நாட்டிங் ஹில் திருவிழாவில் வெடித்த கலவரத்தின்போது எடுக்கப்பட்டது. ஸ்ட்ரம்மரும் சிமொனனும் அன்று அங்கே இருந்தார்கள். 'வைட் ரயட்' பாடல் பிறந்தது அந்த நாளிலிருந்துதான்.

இந்தப் பாடலில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் பதிப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் காதாலேயே பிடிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. பிரிட்டிஷ் ஆல்பத்தில் நான்காவதாக வரும் 'வைட் ரயட்', மிக் ஜோன்ஸ் ஒன்றிலிருந்து நான்கு வரை கத்தி எண்ணுவதோடு தொடங்குகிறது. அது ஆல்பத்துக்கென்று பதிவானதே அல்ல. ஒப்பந்தத்துக்கு முன் பீக்கன்ஸ்ஃபீல்டில் எடுத்த சோதனைப் பதிவை அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். சிங்கிளாக, அதாவது ஒரு பாடலை முன்னிறுத்தும் தனிச் சிறு தட்டாக வந்ததும், பின்னர் அமெரிக்க ஆல்பத்தில் இடம்பெற்றதும் வேறு பதிவு. அது போலீஸ் சைரனோடு தொடங்கும். இரண்டையும் அடுத்தடுத்து ஓட விடுங்கள். சோதனைப் பதிவில் கிதார்கள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வரும். சிங்கிளில் அவை பிரிந்து, திட்டமிட்ட ஒழுங்கோடு வரும்.

அடுத்து, நிதானமாகக் கேட்க வேண்டிய பாடல் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்'. ஜமைக்காவின் ஜூனியர் மர்வின், லீ 'ஸ்க்ராட்ச்' பெர்ரியின் தயாரிப்பில் 1976-இல் பாடிய ரெகே பாடலை இவர்கள் ஆறு நிமிடத்துக்கு நீட்டி வாசித்திருக்கிறார்கள். மற்ற பாடல்கள் பெரும்பாலும் மூன்று நிமிடத்தைக்கூடத் தொடாத ஆல்பத்தில் இது துணிச்சலான காரியம். ஹெட்ஃபோனில் கேட்டால் ஒரு கிதார் தாளத்தின் மேல் விழுவதையும் மற்றொன்று தாளத்துக்கு இடைப்பட்ட இடத்தில் விழுவதையும் பிரித்துணரலாம். ஜமைக்கர்களைப் போலவே வாசிக்க முயலாமல், தங்களுக்குத் தெரிந்த முரட்டு வாசிப்பாலேயே ரெகேயைத் தொட்டார்கள் என்பதற்கு இந்த ஏற்பாடே சாட்சி. குழுவின் பிற்கால வளர்ச்சி முழுவதற்கும் வாசல் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

இப்போது அமெரிக்க வடிவத்துக்கு வரலாம். வானொலிக்கு ஏற்றதல்ல என்று கருதி, நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை 1977-இல் இந்த ஆல்பத்தை வெளியிடவில்லை. ஆனால் இறக்குமதிப் பிரதிகளே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றன. இரண்டாம் ஆல்பமே அங்கே முதலில் வெளியானது. அதன் பிறகுதான் முதல் ஆல்பம் புதிய உருவில் வந்தது. 'டினை', 'சீட்', 'புரோடெக்ஸ் புளூ', '48 ஹவர்ஸ்' ஆகிய நான்கும் நீக்கப்பட்டன; 'கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்', 'கம்ப்ளீட் கன்ட்ரோல்', 'வைட் மேன் இன் ஹேமர்ஸ்மித் பாலே', 'ஐ ஃபாட் தி லா', 'ஜெயில் கிதார் டோர்ஸ்' ஆகிய ஐந்தும் சேர்க்கப்பட்டன.

சேர்க்கப்பட்ட ஐந்தும் ஆல்பத்துக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் சிங்கிளாகவோ, சிங்கிளின் மறுபக்கமாகவோ, சில பாடல்கள் மட்டுமே கொண்ட இ.பி. என்ற சிறு தட்டிலோ வந்தவை; அவற்றில் டிரம்ஸ் வாசிப்பவர் சைம்ஸுக்குப் பின் வந்த டாப்பர் ஹெடன். இந்த ஆள் மாற்றத்தை மனத்தில் வைத்துக் கேட்டால் அமெரிக்க வடிவம் மிகவும் சுவையாக இருக்கும். சைம்ஸ் நேராக அடித்துக்கொண்டே போவார். ஹெடன் வரும் இடங்களில் டிரம்ஸ் பாடலைத் திருப்பி, வளைத்து, மூச்சு விடவைத்து நடத்தும். அந்த வடிவத்தில் 'ரிமோட் கன்ட்ரோல்' முடிந்ததும் 'கம்ப்ளீட் கன்ட்ரோல்' வருவதைக் கவனியுங்கள். முதலாவதைக் குழுவின் சம்மதமில்லாமல் நிறுவனம் 1977-இல் சிங்கிளாக வெளியிட்டது. அந்தக் கோபத்தில் எழுதப்பட்டதுதான் இரண்டாவது. அதைத் தயாரித்தவர், 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' பாடலின் மூலத்தைத் தயாரித்த அதே லீ பெர்ரி. பிரிட்டிஷ் ஆல்பத்தை மட்டும் கேட்டவருக்கு இந்தத் தொடர்ச்சி கிடைக்காது. ஆனாலும் இதை முதல் ஆல்பம் என்று கொள்ளாமல், இரண்டாண்டு வளர்ச்சியின் தொகுப்பு என்று கொள்வதே சரி. 'சீட்' பாடலைத் தவறவிட்ட அமெரிக்கர்களுக்கு அது 1980-இல் 'பிளாக் மார்க்கெட் கிளாஷ்' என்ற பத்து அங்குலத் தட்டில் கிடைத்தது.

ரீமாஸ்டர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொன்னால் போதும். 1999-2000 ஆண்டுகளில் ஒரு முறையும், 2013-இல் மூல நாடாக்களிலிருந்து மிக் ஜோன்ஸின் பங்கேற்புடன் ஒலிப் பொறியாளர் டிம் யங் மற்றொரு முறையும் மாஸ்டரிங் செய்தார்கள். பின்னது, பால் சிமொனன் வடிவமைத்த, பெரிய டேப் ரெக்கார்டர் போன்ற பெட்டியில் வந்த 'சவுண்ட் சிஸ்டம்' தொகுப்பின் பகுதி. அதில் இருப்பது பிரிட்டிஷ் வடிவம். இரண்டு மாஸ்டரிங்குகளையும் ஒப்பிடும்போது ஒலியளவைச் சமன்செய்துகொள்ளுங்கள். சத்தம் கூடுதலாக உள்ளது எப்போதும் நல்லதாகவே தோன்றும். பாஸ் கிதாரைப் பின்தொடர்வதுதான் சரியான சோதனை. 2013 வடிவத்தில் அது எனக்குத் தெளிவாகவும் தனியாகவும் கேட்கிறது. இன்று புதிதாக வாங்குகிறவருக்கு அதையே பரிந்துரைப்பேன்.

1977-இன் அசல் தட்டையே தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. முதல் 10,000 பிரதிகளில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது. அதையும் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் இதழில் வந்த கூப்பனையும் சேர்த்து அனுப்பியவர்களுக்கு 'கேப்பிட்டல் ரேடியோ' இ.பி. இலவசமாகக் கிடைத்தது. அந்தக் காலத்து ரசிகர்கள் பலரும் ஸ்டிக்கரைப் பிரித்து அனுப்பிவிட்டதால், அது இல்லாத பிரதி போலியானது என்று முடிவுகட்டக் கூடாது. ஸ்டிக்கரோடு இருக்கும் பிரதிக்கு விற்பவர் கூடுதல் விலை கேட்பதும் நியாயமே. அமெரிக்க முதல் பதிப்பை வாங்குவதானால், 'குரூவி டைம்ஸ்', 'கேட்ஸ் ஆஃப் தி வெஸ்ட்' பாடல்கள் கொண்ட ஏழு அங்குலத் தட்டு உறைக்குள் இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பிரதிகளில் முதலில் தொலைவது அதுதான்.