ஃபுட்பால் மேனேஜரில் இளம் வீரர்களை வீணாக்கும் தவறுகள்

கால்பந்து கிளப்பை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் கேமான 'சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02' ஆடியவர்களிடம் செர்னோ சாம்பா என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். லண்டன் கிளப்பான மில்வாலின் இளையோர் அணியில் இருந்த பையன். கேமில் வாங்கிப் போட்டால் போதும், சில சீசன்களில் உலகத்தரம். நிஜத்தில் அவர் மில்வாலின் முதல் அணிக்கே வரவில்லை. காடிஸ், பிளைமவுத் என்று கிளப் கிளப்பாகப் போனார், காம்பியாவுக்கும் ஆடினார்.

அந்த கேமைச் செய்த ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ்தான் 2004 முதல் ஃபுட்பால் மேனேஜரைத் தருகிறது. இளம் வீரர் வளரும் கணக்கு இப்போது எவ்வளவோ சிக்கலாகிவிட்டது. ஆடுகிறவர்களின் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது: எவ்வளவு தூரம் வளர்வான் என்று காட்டும் பொட்டென்ஷியல் ஸ்டாரைப் பார், வாங்கு, காத்திரு. பாதித் தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அந்த ஸ்டார் உங்கள் கோச்சும், வீரர்களைத் தேடிப் பார்க்கும் ஸ்கவுட்டும் சொல்லும் அபிப்பிராயம், அவ்வளவுதான். திறமையை எடைபோடத் தெரியாத கோச் ஐந்து ஸ்டார் போடுவார், தெரிந்தவர் மூன்று போடுவார். அதோடு, ஸ்டார் உங்கள் அணியை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. இங்கிலாந்தின் நாலாம் நிலை லீக்கான லீக் டூவின் கிளப்பில் நாலரை ஸ்டார் வாங்கும் அதே பையன் மான்செஸ்டர் சிட்டியில் ஒன்றரையில் நிற்பான். நீங்கள் மேல் லீக்குக்கு பிரமோஷன் வாங்கி, நல்ல வீரர்களைச் சேர்த்த பிறகு பையனின் ஸ்டார் குறைந்தால், அவன் தேய்ந்துவிட்டான் என்று நினைத்துப் பலர் விற்றுவிடுகிறார்கள். ஏறியது அணியின் தரம். அவனுடைய அட்ரிபியூட்களை (வேகம், டிரிப்ளிங் போன்றவற்றுக்கு 20-க்குத் தரும் மதிப்பெண்கள்) திறந்து, போன வருஷத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

திரைக்குப் பின்னால் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் உண்டு: இப்போதைய திறன், உச்சத் திறன். இரண்டுமே 200-க்கு. நிஜ வீரர்களில் பல பொடியன்களுக்கு உச்ச எண்ணுக்குப் பதில் மைனஸ் குறியீடு இருக்கும். -9 என்றால் 150 முதல் 180-க்குள் ஏதோ ஒன்று, -10 என்றால் 170 முதல் 200-க்குள். புது சேவ், அதாவது புது ஆட்டம், தொடங்கும்போது அந்த எண் முடிவாகிறது. அதனால் நண்பர் சேவில் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டோர் வாங்கியவன் உங்கள் சேவில் சுமாராக நின்றுபோகலாம். வொண்டர்கிட் (பெரிய ஆளாக வருவான் என்று பேசப்படும் பையன்) பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு ஷாப்பிங் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சரி, உச்ச எண் பெரியது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே போய்ச் சேர்வது பெரும்பாலும் குணத்தைப் பொறுத்தது. என் பார்வையில் இந்த கேமில் அதிகம் பேர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இதுதான். இரண்டு பதினேழு வயது விங்கர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பையன்: வேகம் 15, டிரிப்ளிங் 14, நாலரை ஸ்டார், டிட்டர்மினேஷன் (மனவுறுதி) 6, பர்சனாலிட்டி 'காஷுவல்'. இரண்டாமவன்: வேகம் 13, டிரிப்ளிங் 12, மூன்று ஸ்டார், டிட்டர்மினேஷன் 16, பர்சனாலிட்டி 'ரெசல்யூட்'. பத்தில் ஒன்பது பேர் முதல் பையனுக்குத்தான் பணத்தைக் கொட்டுவார்கள். ஆனால் 'ரெசல்யூட்' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ப்ரொஃபெஷனலிசம் என்ற மறைந்த அட்ரிபியூட் உயரமாக இருக்கிறது, பயிற்சியில் முன்னேறும் வேகத்தை அதுதான் பெருமளவு தீர்மானிக்கிறது. இருபத்தொரு வயதில் இரண்டாமவன் முதல் அணியில் ஆடிக்கொண்டிருப்பான், முதல் பையன் லோன் (வேறு கிளப்புக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது) பட்டியலில் இருப்பான். ஒவ்வொரு தடவையும் அப்படி நடக்காது, ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் இரண்டாமவன் மேல்தான் கட்டுவேன்.

'மாடல் ப்ரொஃபெஷனல்', 'ப்ரொஃபெஷனல்', 'டிரிவன்', 'பெர்ஃபெக்ஷனிஸ்ட்' என்று இருந்தால் தயங்காமல் வாங்கலாம். 'ஸ்லாக்', 'காஷுவல்' என்றால் யோசியுங்கள். 'பேலன்ஸ்டு' எதையும் காட்டிக்கொடுக்காது. அங்கே வாராவாரம் வரும் பயிற்சி ரேட்டிங்கைப் பாருங்கள். மாதக்கணக்கில் ஆறையே தாண்டாதவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

குணத்தை மாற்றவும் வழி இருக்கிறது. மூத்தவர்களோடு இளையவர்களைக் குழுவாகச் சேர்க்கும் மென்டாரிங், 2019 பதிப்பில் வந்தது, அதற்குத்தான். குழுவுக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். வயது, கிளப்பில் இருந்த காலம், டிரெஸ்ஸிங் ரூமில் உள்ள செல்வாக்கு ஆகியவற்றைப் பொறுத்து மூத்தவரின் குணம் இளையவனிடம் மெல்ல இறங்கும். இதில் நடக்கும் தவறு, சீனியர் என்பதற்காகவே ஒருவரைக் குழுவில் போடுவது. டீம் லீடராக இருக்கும் 33 வயதுக்காரர் 'காஷுவல்' ஆசாமி என்றால், அவரிடமிருந்து அந்தச் சோம்பலும்தான் வரும். அவருடைய டிரெய்ட்களும் (ஆட்டத்தில் ஊறிப்போன பழக்கங்கள்) கூடவே ஒட்டிக்கொள்ளும். எல்லாப் பந்தையும் தூரத்திலிருந்து அடிக்கும் பழக்கம் உங்கள் பிளேமேக்கருக்கு வேண்டுமா?

அடுத்தது ஆட்ட நிமிடங்கள். இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பதினாறு வயதுப் பையனை அனுபவம் வரட்டும் என்று மூன்றாம் டிவிஷன் கிளப்புக்கு லோனில் அனுப்புகிறார்கள். பதினெட்டுக்கு முன்னால் அவனுக்கு முக்கியம் நல்ல மைதானம், நல்ல கோச், நல்ல பயிற்சி. உங்கள் கிளப்பில் அதெல்லாம் இருந்தால் அங்கேயே வைத்திருங்கள். பதினெட்டைத் தாண்டியதும் கணக்கு தலைகீழ். அப்போது அவனை முதல் அணியின் பெஞ்சில் உட்காரவைத்து, 85-ஆம் நிமிடத்தில் இறக்கிவிட்டுத் திருப்திப்படுவது சீசனையே வீணடிக்கும். அவன் முதல் அணியோடு பயிற்சி செய்துகொண்டே 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடும்படி வைக்க வசதி இருக்கிறது. அதைத் தொடாமலே பல சீசன் ஆடுகிறவர்கள் உண்டு.

லோன் என்றதும் ஃப்ரெடி ஆடு ஞாபகம் வருகிறார். 2004-இல் பதினாலு வயதில் டிசி யுனைடெட்டுக்கு ஆடியவர், பழைய பதிப்புகளில் எல்லோரும் துரத்திய பெயர். 2007-இல் போர்ச்சுகலின் பென்ஃபிகா வாங்கியது. அப்புறம் மொனாக்கோ, பெலெனென்செஸ், ஆரிஸ், ரிசெஸ்போர் என்று லோன் மேல் லோன். ஒரு இடத்திலும் வேரூன்றவில்லை. கேமிலும் இதே கதைதான். பையனின் சம்பளத்தில் அதிகப் பங்கு தரும் கிளப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தால், பையன் மே மாதம் ஆறு ஆட்டங்களோடு திரும்பி வருவான். அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை: அவர்கள் வாக்களிக்கும் ஆட்ட நேரம், அவனை ஆடவைக்கப்போகும் பொசிஷன், அந்த கிளப்பின் பயிற்சி வசதி. ரீகால் உரிமையையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஜனவரிக்குள் ஆடவைக்கவில்லை என்றால் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

தனிப்பட்ட பயிற்சியில் பேராசைதான் எதிரி. திறன் என்பது மாதச் சம்பளம் மாதிரி, எதற்குச் செலவழித்தாலும் அதிலிருந்துதான் போகும். புதுப் பொசிஷன் கற்றுக்கொள்வதற்கும் அதிலிருந்தே போகும், பலவீனமான காலைத் தேற்றுவதற்கு இன்னும் அதிகம் போகும். சென்டர் பேக்குக்கு இரண்டு காலும் சமமாக ஆனது அழகுதான். அந்தத் திறன் மார்க்கிங்கிலும் ஹெட்டிங்கிலும் சேர்ந்திருந்தால் நீங்கள் வாங்கும் கோல் குறைந்திருக்கும். ஒரு ரோலை முடிவுசெய்து, அதிலேயே இரண்டு மூன்று வருஷம் விடுங்கள். வேகமும் உடல்வலுவும் சின்ன வயதில் ஏறுகிறவை. டெசிஷன், பொசிஷனிங் போன்றவை இருபதுகளின் பிற்பகுதி வரை ஏறும், அவற்றுக்கு அவசரம் வேண்டாம். பயிற்சியின் கடுமையை இரட்டிப்பாக்கும் டபுள் இன்டென்சிட்டியை எல்லோருக்கும் போட்டுவிட்டு, டிசம்பரில் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி மெடிக்கல் சென்டரைப் பார்ப்பதும் வேண்டாம்.

பதுக்கல் இன்னொரு வியாதி. இருபது வொண்டர்கிட்களை வாங்கி வரிசையாக நிறுத்தினால், ஒருவனுடைய நிமிடத்தை இன்னொருவன் தின்பான். சீசனுக்கு மூன்று நாலு பேரைத்தான் ஒரு முதல் அணி உருப்படியாக வளர்க்க முடியும். ஐரோப்பியப் போட்டி ஆடும் கிளப் என்றால் பதிவு விதியையும் கவனியுங்கள். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவின் 25 பேர் பட்டியலில் எட்டு இடம் உள்ளூர் பயிற்சி பெற்றவர்களுக்கு, அதில் நாலு உங்கள் கிளப்பிலேயே வளர்ந்தவர்களுக்கு. 15 முதல் 21 வயதுக்குள் மூன்று சீசன் உங்களிடம் இருந்திருக்க வேண்டும். பத்தொன்பதில் வாங்கியவன் எவ்வளவு பெரிய ஆளானாலும் அந்த நாலுக்குள் வரமாட்டான். இங்கிலாந்து கிளப் என்றால், பிரெக்ஸிட்டுக்குப் பிறகு வெளிநாட்டுப் பையன்களைப் பதினெட்டுக்கு முன் வாங்கவே முடியாது. ஆகவே உள்ளூர் பையன்களின் மதிப்பு இன்னும் கூடுதல்.

கடைசியாக விற்பனை. 22 வயது, ஒரு முழு சீசன் தொடர்ந்து ஆடியிருக்கிறான், அட்ரிபியூட் ஒன்றும் அசையவில்லை என்றால் அவன் உச்சத்தைத் தொட்டிருக்கக்கூடும். ஆனால் பெயரும் வயதும் இன்னும் சந்தையில் பேசும். நாமே வளர்த்த பிள்ளை என்ற பாசத்தில் 25 வரை வைத்துக்கொண்டால் விலை பாதியாகிவிடும். யாராவது கேட்டால் கொடுங்கள். அடுத்த விற்பனையில் 20 சதவீதமும் ஒரு பைபேக் தொகையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டால், உங்கள் கணிப்பு தப்பாகியிருந்தாலும் அவனைத் திரும்ப எடுக்க வழி இருக்கும்.