திருட்டு நகல்களை விட்டு வெளியே வருவது எப்படி?

முதலில் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, காசு கொடுக்காமல் இறக்கிய படம், பாட்டு, சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்கு மாற்றுங்கள். எத்தனை ஜிபி என்று பார்த்தாலே மனசு உறுத்தும். "நகல்தானே எடுத்தேன், யாரிடமும் எதையும் பிடுங்கவில்லையே" என்று தோன்றும், எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பைபிளில் யாத்திராகமம் 20:15 களவு கூடாது என்கிறது, லூக்கா 10:7 வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன், அதாவது தகுதியானவன் என்கிறது, அந்தக் கூலியைத்தான் நாம் கொடுக்காமல் விடுகிறோம்.

சரி, இப்போது அழியுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள், இல்லையென்றால் ராத்திரியே திரும்ப எடுக்கத் தோன்றும். பலமுறை கேட்டு ரசித்த ஆல்பத்தை முதலில் காசு கொடுத்து வாங்குங்கள். பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான், நாம் ஒரு மடங்காவது கொடுக்கலாமே.

சர்ச் பாடகர் குழுவுக்கு ஒரு இசைப் புத்தகம் வாங்கி 20 ஜெராக்ஸ் போடுவதும் இதே களவுதான். ஊழியம் என்பதால் விலக்கு கிடையாது, உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள்.

அப்புறம், கையில் காசில்லை என்றால் நூலகம் இருக்கிறது, பதிப்புரிமை முடிந்த படைப்புகள் இருக்கின்றன, சாஃப்ட்வேரிலும் ஆவணங்கள் தயாரிக்க லிப்ரே ஆபீஸும் படங்களைத் திருத்த கிம்ப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன.