காரைக்குடி முதல் மூர் மார்க்கெட் வரை: பழைய வெளிநாட்டுக் காசுகளை மலிவாக வாங்குவது எப்படி

பழைய வெளிநாட்டுக் காசு சேர்க்க ஆசை இருக்கிறது, ஆனால் கையில் பெரிதாகப் பணம் இல்லை என்பவர்களுக்குத் தமிழ்நாடு நல்ல இடம். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக பர்மா, மலேயா, சிங்கப்பூர், இலங்கை என்று போய்ப் பிழைத்துத் திரும்பியவர்கள், அப்புறம் வளைகுடா. போய் வந்த வீட்டுப் பெட்டிகளில் எல்லாம் அந்த ஊர்ச் சில்லறை கொஞ்சம் தங்கிவிட்டது. நோட்டை மாற்றித் தருகிற மணி எக்ஸ்சேஞ்ச்காரர்கள் பெரும்பாலும் காசை வாங்க மாட்டார்கள். அதனால் அது செலவாகாமல் கிடந்து, வீட்டைப் பிரிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ பித்தளைப் பாத்திரத்தோடு சேர்ந்து கடைக்கு வந்துவிடுகிறது. நமக்கு வேலை அந்தக் கடையில்தான்.

நாணயக் கண்காட்சிக்குப் போங்கள், நாணயம் மட்டுமே விற்கிற கடைக்கும் போங்கள், ஆனால் அங்கே போவது கற்றுக்கொள்ள. அவர்களுக்கு விலை தெரியும், சல்லிசாக எதுவும் சிக்காது. மலிவாகக் கிடைப்பது வேறு இடத்தில்: பழைய பாத்திரம் எடுக்கிற கடை, காயலான் கடை, வெள்ளி உருக்குகிற பட்டறை, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கிற பழம்பொருள் கடைகள், சென்னையில் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகம். இராமநாதபுரம், கீழக்கரைப் பக்கம் என்றால் இலங்கைக் காசும் வளைகுடாக் காசும் அதிகம், செட்டிநாட்டுப் பக்கம் பர்மாவும் மலேயாவும். உங்கள் ஊருக்கு எந்த நாட்டோடு பழக்கம் இருந்ததோ அந்த நாட்டுக் காசை முதலில் படித்து வைத்துக்கொள்ளுங்கள், எடுத்த எடுப்பில் உலகத்தையே படிக்க வேண்டாம்.

இந்தக் கடைகளில் விலை எப்படி வைக்கிறார்கள் என்று கவனித்தால் பாதி வேலை முடிந்தது. காசு பெரிசா, வருஷம் பழசா, ராஜா ராணி தலை இருக்கா, இவ்வளவுதான் கணக்கு. அதனால் தேய்ந்துபோன பெரிய செம்புக் காசுகளுக்கு ஏகப்பட்ட விலை சொல்வார்கள். நாகப்பட்டினம் பக்கமும் இலங்கையிலும் நிறையக் கிடைக்கிற டச்சுக் கம்பெனித் துட்டு, அந்த வி, ஓ, சி மூன்று எழுத்தும் பின்னிய முத்திரை போட்டது, 1700களைச் சேர்ந்தது என்பதற்காகவே ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், ஆனால் அது லட்சக்கணக்கில் அடித்து விட்ட காசு, தேய்ந்தது என்றால் விலை சொற்பம்தான். அதே கடையில் 'ஃபாரின் காசு, எதை எடுத்தாலும் இவ்வளவு' என்று ஒரு டப்பா இருக்கும். சின்னச் சின்ன வெள்ளிக் காசுகள் யார் கண்ணிலும் படாமல் அதில் கிடக்கும். நீங்கள் உட்கார வேண்டியது அந்த டப்பா முன்னால்.

டப்பாவில் வெள்ளியைப் பொறுக்க வருடம் தெரிந்தால் போதும், இதை மனப்பாடம் செய்வது உண்மையிலேயே பலன் தரும். பிரிட்டன் காசு 1919 வரை 92.5 சதவீதம் வெள்ளி, 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி, 1947 முதல் வெள்ளியே கிடையாது. அமெரிக்காவின் 10 சென்ட், கால் டாலர் இரண்டும் 1964 வரை 90 சதவீதம். அதற்குப் பின் வந்ததை விளிம்பில் தெரிகிற செம்புக் கோட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கனடா 1920 முதல் 1966 வரை 80 சதவீதம், ஆஸ்திரேலியா 1945 வரை 92.5. மலேயாவின் 5, 10, 20 சென்ட் காசுகளில் 1939 முதல் 1941 வரை முக்கால் பங்கு வெள்ளி, 1943, 1945 வருடம் போட்டதில் பாதி, 1948 முதல் வெறும் செம்பு நிக்கல். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆறாம் ஜார்ஜ் தலைதான் இருக்கும். 1948க்கும் 1945க்கும் கடைக்காரர் ஒரே விலை சொன்னால் எதை எடுப்பது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அரபு, தாய்லாந்து, ஜப்பான் காசுகளை வருடம் படிக்கத் தெரியாமலே எல்லோரும் ஒதுக்கிவிடுவார்கள், நல்லதெல்லாம் அங்கேயே தங்கிவிடும். அரபு எண்களைக் கற்றுக்கொள்ளக் கால் மணி நேரம் கூட ஆகாது: வெறும் புள்ளி என்றால் சுழி, சின்ன வட்டம் என்றால் ஐந்து, ஏழு மேலே விரிந்த கவை, எட்டு அதைக் கவிழ்த்தது. ஹிஜ்ரி வருடத்தை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் நம் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். 1354 என்று போட்ட சவூதி ரியால் அப்படிப் பார்த்தால் 1935. அது நம் பழைய வெள்ளி ரூபாய் எடைக்கே வருகிற நல்ல வெள்ளிக் காசு. தாய்லாந்துக்கு 543ஐக் கழிக்க வேண்டும், நேபாளத்துக்கு 57ஐ. ஜப்பானில் ஷோவா, அதாவது ஹிரோஹிட்டோ மன்னர் ஆட்சிக் கணக்கு வருடத்தோடு 1925ஐக் கூட்டுங்கள். ஷோவா 32 முதல் 41 வரை, அதாவது 1957 முதல் 1966 வரை வந்த 100 யென் காசு 60 சதவீதம் வெள்ளி.

விலை நியாயமா என்று பார்க்க ஒரே கணக்குதான்: எடை, வெள்ளிப் பங்கு, அன்றைய வெள்ளி விலை, மூன்றையும் பெருக்குங்கள். 1920க்கும் 1946க்கும் நடுவில் வந்த ஒரு ஷில்லிங் 5.66 கிராம், பாதி வெள்ளி, ஆக 2.83 கிராம். கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உலோக மதிப்பே 283 ரூபாய். இந்தத் தொகைக்குக் கீழே கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். மேலே சொன்னால் அந்த வருடம் அரிதா, தேய்மானம் எவ்வளவு என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நுமிஸ்டா என்கிற இணையத் தளத்தில் எந்த நாட்டுக் காசானாலும் எடை, விட்டம், உலோகம் மூன்றும் இலவசமாகவே கிடைக்கும், கடையில் நின்றபடியே போனில் பார்த்துவிடலாம்.

கையில் மூன்று சாமான் இருந்தால் போதும்: சின்ன காந்தம், பத்து மடங்கு பெரிதாக்குகிற லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டுகிற பாக்கெட் தராசு. வெள்ளியைக் காந்தம் இழுக்காது, வெள்ளி என்று சொல்லி விற்கிற காசு ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதற்காக ஒட்டுவதெல்லாம் போலி இல்லை. 1947 வருடம் போட்ட, பின்பக்கம் புலி இருக்கிற நம் ஒரு ரூபாய் சுத்த நிக்கல், நன்றாகவே ஒட்டும். 1992க்குப் பின் வந்த பிரிட்டிஷ் பென்னி உள்ளே இரும்பு, அதுவும் ஒட்டும்.

டாலர் அளவுள்ள பெரிய வெள்ளிக் காசில்தான் ரொம்ப ஜாக்கிரதை தேவை. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் அடித்த டாலரில் போலி ஏராளம். 1903, 1904 காசு என்றால் 26.95 கிராம் இருக்க வேண்டும். வெள்ளி விலை ஏறியதால் 1907இல் அளவைக் குறைத்தார்கள், அதிலிருந்து 1909 வரை 20.2 கிராம். எடை கொஞ்சம் தேய்மானத்தில் குறையலாம், கூடவே கூடாது. எடை சரியாக இருந்தும் சந்தேகம் போகவில்லை என்றால் தண்ணீர்ச் சோதனை இருக்கிறது. தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து சுழி ஆக்கிவிட்டு, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக முக்கிப் பிடியுங்கள். தராசு காட்டுகிற எண்ணால் காசின் எடையை வகுத்தால் 90 சதவீத வெள்ளிக்கு 10.3 பக்கம் வர வேண்டும். 1903 டாலருக்குத் தராசு 2.6 காட்டினால் சரி, 3 காட்டினால் அது செம்பு நிக்கல். இதைக் கடையில் செய்ய முடியாதுதான், அதனால் விலை கூடின காசை 'பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாமா' என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள். ஒத்துக்கொள்ளாத கடையில் பெரிய காசு வாங்காதீர்கள்.

பர்மாவின் மயில் ரூபாயும் அப்படித்தான், அசலும் வரும் போலியும் வரும். ஆனால் காசுமாலையிலிருந்து கழற்றிய காசுகளை ஒதுக்கிவிடாதீர்கள். வளையம் பற்றவைத்த தழும்பு இருப்பதால் சேகரிப்பாளர்கள் தொட மாட்டார்கள், வெள்ளி விலைக்கே கிடைக்கும், அரிதான காசை மலிவாகக் கையில் வைத்துப் பார்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு என்று காட்டுவார்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று பேச்சு ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள், அதில் சொத்தை இழந்தவர்கள் நம் ஊரில் நிறைய. பழைய காசை லட்சங்களுக்கு வாங்குகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரில் வருகிற போன் அழைப்பும் மோசடிதான், 2021இல் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

பேரம் பேசுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வேண்டிய காசை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு விலை கேட்டால் அந்தக் காசுக்கு மவுசு கூடிவிடும். பத்துப் பதினைந்தாகப் பொறுக்கி ஓரமாக வைத்து, "அண்ணே, இது மொத்தமா எவ்வளவு போட்டுத் தருவீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் கொஞ்சம் குறைத்துக் கேட்டு, ஒத்துவந்தால் அங்கேயே ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். முதல் நாளே அள்ள நினைக்காமல் மாதம் ஒருமுறை போய் இரண்டு காசாவது வாங்கினால், அடுத்த முறை புதிதாக வந்ததை அவரே உங்களுக்காக எடுத்து வைப்பார். சரி, கடைக்காரருக்குத் தெரியாததை நாம் தெரிந்துகொண்டு வாங்குவது நியாயமா என்றால், அவர் வியாபாரி, வாங்கின விலைக்கு மேலே வைத்துத்தான் சொல்கிறார். ஆனால் ஒரு வீட்டில் பாட்டியோ ஆச்சியோ பெட்டியைத் திறந்து காட்டினால் எது வெள்ளி, என்ன விலை போகும் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள் கணக்கில் வரும், அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மண்ணில் தோண்டும்போது கிடைத்த புதையல் என்று தெரிந்தால் விலை பேசவே வேண்டாம், அது அரசிடம் போக வேண்டியது.

வீட்டுக்கு வந்ததும் புளி, சாம்பல், பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். கறுத்த வெள்ளியைப் பளபளப்பாக்கினால் மேல்பரப்பு போய்விடும், விலையும் பாதியாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் கொஞ்ச நேரம் ஊற வைத்து எடுத்துக் காற்றில் உலர்த்தலாம், அவ்வளவுதான். மெத்தென்ற பிவிசி கவரில் வைத்தால் ஒரு வருடத்தில் பச்சைப் பிசின் பிடிக்கும், ரப்பர் பேண்டும் வெள்ளியைக் கறுக்க வைக்கும்; மைலார் என்கிற தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த அட்டை ஹோல்டர்தான் நல்லது. கடற்கரை ஊர்க்காரர்கள் டப்பாவுக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் அவற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் நாடு, வருடம், எடை, எந்தக் கடை, என்ன விலை என்று பென்சிலில் எழுதி வையுங்கள், பேனா மை கசியும்.