அரை மணி நேரக் கைவேலை: அடுப்படிப் பொருளே போதும்

வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்குக் குழந்தையோடு உட்கார அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அதில் இருபது நிமிடம் கத்தரிக்கோலைத் தேடுவதிலும் பசை காய்ச்சுவதிலும் போனால், குழந்தை எழுந்து வேறு பக்கம் போயிருக்கும். எனவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடுப்பு, கத்தி, கொதிநீர் மூன்றும் பெரியவர் பங்கு. முதல் நாள் இரவே முடித்துவிடலாம். கிழிப்பது, பிசைவது, அச்சுக் குத்துவது, ஒட்டுவது குழந்தையின் பங்கு. மூன்று வயதுக் கைக்குக் கோடு பார்த்து வெட்ட வராது, ஆனால் கிழிக்கச் சொன்னால் ஒரு செய்தித்தாளையே தீர்த்துவிடும். கீழே உள்ளவை மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு. அளவுகளில் வரும் டம்ளர் 200 மி.லி. பிடிப்பது.

முதலில் பசை

கால் டம்ளர் மைதாவைக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்கவும். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்து, கரைசலை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்கவும். இரண்டு மூன்று நிமிடத்தில் வெள்ளை நிறம் மங்கிக் கண்ணாடிபோல் ஆகும், அதுதான் பதம். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் மேல்பகுதி மட்டும் வெந்து, உள்ளே பச்சை மாவுடன் உருண்டைகள் நிற்கும். எவ்வளவு கிளறினாலும் கரையாது. ஆறும்போது இறுகும் என்பதால், சூடாக இருக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இறக்க வேண்டும்.

சுவரொட்டிப் பசையிலும் புத்தகக் கட்டுப் பசையிலும் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். அது விஷம், குழந்தை தொடும் பசையில் கூடவே கூடாது. பதிலாக ஒரு ஸ்பூன் உப்புப் போட்டு பிரிட்ஜில் வையுங்கள், நான்கு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடலாம். ஒன்றிரண்டு காகிதம் மட்டும் ஒட்ட வேண்டுமென்றால் பசையே வேண்டாம். குழைந்த சோற்றுப் பருக்கையை விரலால் மசித்துத் தேய்த்தாலே கவர்கூட ஒட்டும்.

பிசையும் மாவு

ஒரு டம்ளர் மைதா, அரை டம்ளர் தூள் உப்பு, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு எலுமிச்சம்பழத்தின் சாறு. எல்லாவற்றையும் அடி கனத்த பாத்திரத்தில் கரைத்துக் குறைந்த தீயில் கிளறவும். முதலில் தோசைமாவு போல இருக்கும், பிறகு திரண்டு திரண்டு, நாலைந்து நிமிடத்தில் ஒரே உருண்டையாகப் பாத்திரத்தை விட்டு வரும். கை பொறுக்கும் சூட்டில் எடுத்து இரண்டு நிமிடம் பிசைந்தால் வழவழப்பாகிவிடும். நிறத்துக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போதும். இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் தண்ணீரில் பாதிக்குப் பீட்ரூட் சாறு சேர்க்கலாம், ஆனால் அது சில நாளில் வெளுக்கும். மஞ்சள் மாவைப் பிசைந்த கையைச் சோப்பால் கழுவும்போது விரலெல்லாம் சிவக்கும். குழந்தை ரத்தமென்று பயந்துவிடாமல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கையில் ஒட்டினால் மாவு சரியாக வேகவில்லை என்று பொருள். திரும்ப அடுப்பில் ஒரு நிமிடம் வையுங்கள். நன்றாக இருந்த மாவு இரண்டாம் நாள் நசநசக்கிறதா? உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கிறது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் இது நடந்தே தீரும். ஒரு ஸ்பூன் மைதா தூவிப் பிசைந்தால் சரியாகும். உதிர்ந்தால் சில சொட்டுத் தண்ணீரும் எண்ணெயும் விட்டுப் பிசையவும். கல் உப்புத்தான் இருக்கிறதென்றால் முதலில் வெந்நீரில் கரைத்து வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் மாவு மணல்போல் நறநறக்கும். காற்றுப் புகாத டப்பாவில் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் வரும்.

விரலில் சிராய்ப்பு இருக்கும் நாளில் இந்த மாவு வேண்டாம், உப்பு எரியும். நாக்கில் வைத்துப் பார்த்தால் குழந்தையே துப்பிவிடும், ஆனால் உருண்டையாக விழுங்கவிடக் கூடாது. வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். இவ்வளவு உப்பு நாய்க்கு ஆபத்து. கோதுமை ஒவ்வாத குழந்தைக்கு மைதாவும் ஒவ்வாது. அவர்களுக்குக் கொழுக்கட்டைக்குக் கிளறுவதுபோல் அரிசி மாவைக் கிளறிக் கொடுக்கலாம். மைதா போல இழுபடாது, அன்றைக்கே விரிசல் விடும், அன்றைக்கே முடித்துவிட வேண்டியதுதான். உண்மையில் கொழுக்கட்டை பிடிக்கும் நாளில் ஒரு பிடி மாவைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டால் தனியாகக் கைவேலை ஏற்பாடு செய்யும் வேலையே இல்லை.

சாய்ந்தாடும் முட்டை

தள்ளினால் சாய்ந்து, தானே நிமிரும் தஞ்சாவூர்ப் பொம்மையின் சூத்திரம் எளிது: அடி உருண்டையாக இருக்க வேண்டும், கனமெல்லாம் அடியில் இருக்க வேண்டும். அதையே முட்டை ஓட்டில் செய்யலாம். முதல் நாள் இரவு முட்டையின் கூரான முனையில் இரண்டு செ.மீ. அகலத்துக்குத் துளையிட்டு, உள்ளே இருப்பதை ஆம்லெட்டுக்கு எடுத்துக்கொண்டு, ஓட்டை வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். இந்தக் கழுவுதலைத் தவிர்க்கக் கூடாது; பச்சை முட்டையில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம்.

மறுநாள், ஓட்டின் அடியில் இரண்டு சொட்டு ஃபெவிகால் விட்டு, மேலே சொன்ன மாவில் பெரிய நெல்லிக்காய் அளவு, அதாவது சுமார் 20 கிராம், சின்னச் சின்னத் துண்டாக உள்ளே போடச் சொல்லுங்கள். பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் மெதுவாக அழுத்தினால் அடியில் படியும். டம்ளரில் நேராக நிற்கவைத்து ஒரு இரவு விட வேண்டும். பிறகு கண், மூக்கு வரைந்து, மெல்லிய காகிதத்தில் கூம்புத் தொப்பி ஒட்டினால் பொம்மை தயார்.

நிமிராமல் படுத்தே கிடந்தால் காரணம் மூன்றில் ஒன்று. மாவு ஒரு பக்கமாகச் சாய்ந்து காய்ந்திருக்கும். அல்லது மாவுக்குப் பதில் மணல் போட்டிருப்பீர்கள். மணல் பொம்மையோடு சேர்ந்து சரிந்துவிடும், கனம் ஓரிடத்தில் நிற்காது. அல்லது தொப்பி கனமாக இருக்கும்: அட்டையில் செய்து, மணி, ஜிகினா எல்லாம் ஒட்டினால் பொம்மை தலைகனத்தில் விழும். தொப்பி இரண்டு கிராமைத் தாண்ட வேண்டாம், அதாவது ஒரு சிறு துண்டுக் காகிதம். ஓடு ஒன்றாவது உடையும். ஒரு குழந்தைக்கு இரண்டு ஓடு வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்டைக்காய் அச்சு

நேரமே இல்லாத நாளுக்கு இது. முற்றிய வெண்டைக்காயைக் காம்பிலிருந்து மூன்று செ.மீ. கீழே நேராக ஒரே வெட்டாக வெட்டினால், காம்பு கைப்பிடி ஆகிவிடும், வெட்டிய முகம் ஐந்து இதழ்ப் பூ ஆகிவிடும். பிஞ்சு வேண்டாம், அழுத்தினால் நசுங்கும். குழம்புக்கு ஆகாது என்று ஒதுக்குவதெல்லாம் இங்கே முதல் தரம். வெட்டியதும் வரும் கொழகொழப்புதான் அச்சு வழுக்கவும் நிறம் பிடிக்காமல் போகவும் காரணம். முதல் நாள் இரவே வெட்டித் தட்டில் திறந்து வைத்தால் காலையில் அது காய்ந்திருக்கும்.

பெயிண்டில் நேராக முக்கக் கூடாது. இதழ்களின் நடுக்குழியில் நிறம் தேங்கி, காகிதத்தில் பூவுக்குப் பதில் பொட்டு விழும். பழைய பருத்தித் துணியை நாலாக மடித்துத் தட்டில் வைத்து, தயிர்ப் பதத்தில் கரைத்த போஸ்டர் கலரை அதில் ஊறவிட்டு, அதன்மேல் ஒற்றி எடுத்துக் குத்தினால் கோடு கோடாக விழும். காகிதத்துக்கு அடியில் இரண்டு மடிப்புச் செய்தித்தாள் மெத்தைபோல் இருந்தால் அச்சு இன்னும் தெளிவு.

முட்டைக்கோஸை இரண்டாக அரிந்தால் மரம், வெங்காயத்தில் வளையம். வாழையிலையின் நடு மட்டையைக் குறுக்கே வெட்டினால் வலைப்பின்னலாக அறை அறையாக அழகாக வரும். ஆனால் வாழைக்கறை துணியில் பட்டால் போகவே போகாது, பள்ளிச் சீருடையைக் கழற்றிய பிறகு ஆரம்பியுங்கள்.

சிவக்கும் கடிதம்

கால் டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் மஞ்சள்தூள் கரைத்து, வெள்ளைத் தாளில் தூரிகையால் மெல்லியதாகப் பூசி, மின்விசிறியின் கீழ் காயவிடவும். குளியல் சோப்பை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் தேய்த்துக் கெட்டியாகக் கரைத்து, பஞ்சுக்குச்சியால் எழுதினால் எழுத்து செந்நிறத்தில் தோன்றும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது இதே காரியம்தான்: காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், புளிப்புப் பட்டால் திரும்பும். சுண்ணாம்பில் நிறம் இன்னும் அடர்த்தியாக வரும் என்றாலும், கண்ணில் பட்டால் வெந்துவிடும். குழந்தைக்குச் சோப்பே போதும். பாட்டிலில் வரும் கைகழுவும் திரவத்தில் பெரும்பாலும் காரம் குறைவு, அதனால் எழுத்தே தோன்றாது. சோப்புக்கட்டிதான் வேண்டும். ஆப்பச்சோடாக் கரைசலில் மங்கலான பழுப்புத்தான் கிடைக்கும்.

காகிதக் கிண்ணம்

இது நான்கைந்து நாள் வேலை, ஆனால் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்தான். வாய் அகன்ற ஸ்டீல் கிண்ணம் ஒன்று எடுங்கள். சொம்பின்மேல் ஒட்டினால் கழுத்தில் மாட்டிக்கொண்டு கழற்றவே முடியாது. 15 செ.மீ. அகலக் கிண்ணத்துக்கு மூன்று முழு விரிதாளும், மேலே சொன்ன பசையும் போதும்.

கிழிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. செய்தித்தாளை மேலிருந்து கீழாக இழுத்தால் பெரும்பாலும் நேர்கோடாகக் கிழியும்; குறுக்கே இழுத்தால் கோணல்மாணலாகப் போகும். காகிதத்தின் இழைகள் ஒரு திசையில் ஓடுவதால் அப்படி. இரண்டு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்துக்கும் குறைவாகக் கிழிக்கச் சொல்லுங்கள். கத்தரிக்கோலால் வெட்டிய விளிம்பு தடித்து மேடாகத் தெரியும், கிழித்த விளிம்பு மெலிந்து அடுத்ததோடு கலந்துவிடும். இந்த ஒரு இடத்தில் குழந்தையின் வேலைதான் பெரியவர் வேலையைவிடச் சிறந்தது.

கிண்ணத்தைக் கவிழ்த்து, வெளிப்புறம் தேங்காய் எண்ணெய் தடவவும். முதல் அடுக்கு வெறும் தண்ணீரில் நனைத்த காகிதம், அதில் பசை கூடாது. பசை பட்டால் கிண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் பசையில் தோய்த்த இரண்டு அடுக்கு. ஒவ்வொரு துண்டையும் இரு விரலிடையே வழித்து, அதிகப் பசையை எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். அத்தோடு அன்றைய வேலை நிறுத்தம். மறுநாள் தொட்டுப் பார்த்து, காய்ந்த பிறகு அடுத்த இரண்டு. ஒரே நாளில் ஐந்து அடுக்கையும் ஏற்றினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் அடைபட்டு, மூன்றாம் நாள் பூஞ்சணம் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. எந்த அடுக்கு முடிந்தது என்று குழப்பம் வராமலிருக்க, ஒரு அடுக்குக்குத் தமிழ்ப் பேப்பரும் அடுத்த அடுக்குக்கு ஆங்கிலப் பேப்பரும் ஒட்டச் சொன்னால், விட்டுப்போன இடத்தைக் குழந்தையே எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும்.

காயவைக்க மின்விசிறி போதும். உச்சி வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து கோணும். காய்ந்ததா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. பிறகு விளிம்பைச் சுற்றி மெதுவாக நெம்பிக் கழற்றி, உட்புறத்தையும் ஒரு நாள் ஆறவிட்டு வண்ணம் பூசலாம்.

கிளிப், க்ரேயான், சில்லறை போட்டுவைக்க நன்றாக உழைக்கும். முறுக்கோ கடலையோ போடக் கூடாது: அச்சு மை உணவில் ஏறும் என்பதால் செய்தித்தாளில் உணவுப் பொட்டலம் கட்ட வேண்டாமென்று 2016-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே அறிவுறுத்தியிருக்கிறது.

நவராத்திரிக்குக் கொலுவின் கீழே போடும் பூங்காவில் இந்த முட்டைப் பொம்மைகளையும் மாவு யானைகளையும் வைக்கலாம். கொலு கலைத்த பிறகு மட்டும் அவற்றைப் பழைய பொம்மைகளோடு ஒரே பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றாதீர்கள். மைதா வாசனைக்குக் கரப்பானும் எலியும் வரும், உப்பு ஈரத்தை இழுத்துப் பக்கத்தில் இருக்கும் மண்பொம்மையின் சாயத்தையும் கெடுக்கும்.